பக்கத்து வீட்டு ஜின்

எனக்கு அடுத்த வீட்டுக்காரி மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவள் போட்டிருக்கும் வளையல்களைப் பார்த்தோ, துபாயில் இருக்கும் அவள் புருஷன் தினம் சாயங்காலம் போனில் முகம் காட்டிப் பேசுவதைப் பார்த்தோ வந்த பொறாமை என்றால், ஊரில் பாதிப் பேருக்கு உள்ளதுதானே என்று விட்டுவிடலாம். எனக்கு வந்தது அவள் வீட்டு ஜின்னைப் பார்த்து.

தென்காசியில் எங்கள் தெருவின் கடைசி வீடு எங்களுடையது. அதற்கடுத்து முஸ்லிம்கள் தெரு ஆரம்பிக்கும். அதில் முதல் வீடு அவளுடையது. இரண்டு புறவாசலுக்கும் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு சுவர். எனக்கு இப்போது நாற்பத்துநாலு வயது, அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். எனக்கு ஒரு அண்ணன். அவளுக்கும் ஒரு அண்ணன், காக்கா என்பாள். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி.

என் அண்ணன் காலேஜ் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த சமயத்தில், யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது என்று சொல்ல ஆரம்பித்தான். முதலில் தெருவில் பேசுகிறார்கள் என்றான். பிறகு சுவருக்குள்ளிருந்து பேசுகிறார்கள் என்றான். இரண்டு மூன்று வருஷம் கழித்து அவள் காக்காவுக்கும் அதே மாதிரி ஆனது. அவர்களுடைய கடையில் கைலி மடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து போய், பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணுக்குப் பின்னால் நாள் முழுக்க ஒளிந்து நின்றார். ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் மனச்சிதைவு என்று ஒரே பேரைத்தான் எழுதினார்கள். மாத்திரையும் ஒன்றுதான்.

வித்தியாசம் வீட்டில் சொன்ன காரணத்தில் இருந்தது.

என் அப்பா ஒரு டாக்டரிடம் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தவர். டாக்டருக்குத் தெரிந்ததில் பாதி தனக்கும் தெரியும் என்பது அவர் கணக்கு. அம்மா கோயில், விபூதி, வேப்பிலை என்று ஆரம்பித்தபோது ஒரே வார்த்தையில் நிறுத்தினார். இது பரம்பரை வியாதி, என் சித்தப்பாவுக்கும் இருந்தது, ரத்தத்தில் வருவது, மந்திரித்துப் போகாது என்றார். அவர் சொன்னது தப்பில்லை. தப்பில்லாததைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு களை வரும், அதுதான் எனக்குப் பிடிக்காது.

அடுத்த வீட்டில் அவளுடைய உம்மா வேறு மாதிரிச் சொன்னார். உச்சி வெயிலில் அருவிக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தான், அங்கே ஒரு ஜின் பிடித்துக்கொண்டது என்றார். கேட்டவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். தர்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஓதிப் பார்த்தார்கள், கூடவே ஆஸ்பத்திரி மாத்திரையையும் ஒருநாள் விடாமல் கொடுத்தார்கள். கெட்டிக்கார மனுஷி. அவர்கள் வீட்டு வியாதி வாடகைக்குக் குடிவந்தது, என்றைக்காவது காலி செய்துகொண்டு போய்விடும். எங்கள் வீட்டு வியாதி சொந்தக்காரன், பத்திரத்தில் பெயர் உள்ளவன்.

இதன் பலன் என்னவென்றால், அவளுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆயிற்று. ஜின் பிடித்தவனின் தங்கச்சியைக் கட்டுவதில் யாருக்கும் தடையில்லை. ஜின் தங்கச்சிக்கு வராது அல்லவா. புருஷன் வெளிநாடு போனதால் தாய் வீட்டிலேயே இருந்துகொண்டாள். மகள் பிறந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன்.

என்னைப் பெண் பார்க்க ஏழு வீட்டார் வந்தார்கள். ஆள் வருகிறார்கள் என்றால் அண்ணனைப் பின்கட்டு அறையில் இருக்கச் சொல்லிவிடுவோம். நான் அடுப்படியில் புடவையைச் சரிசெய்துகொண்டு காபி டம்ளர்களை அடுக்குவேன். அதற்குள் முன்னறையில் அப்பா தொண்டையைச் செருமுவது கேட்கும். "ஒரு விஷயம் சொல்லிப்புடுதேன். என் மகனுக்கு மனநோய். பரம்பரையா வாரதுதான். மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது" என்பார். பிறகு வந்தவர்களைத் தைரியப்படுத்துவதற்கு வேறு ஏதோ சொல்வார். நான் முதல் வாக்கியத்தோடேயே காதை மூடிக்கொண்டுவிடுவேன். போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொன்ன ஏழு வீட்டாரும் போடவில்லை. முப்பது வயதுக்குப் பிறகு யாரும் வரவும் இல்லை.

இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. நானும் அண்ணனும்தான். பத்திரம் எழுதுகிறவர் ஒருவரின் ஆபீசில் டைப் அடிக்கிறேன். ஒரு சென்ட் நிலம் வாங்குவதற்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்கிற ஊர் இது, பெண் எடுப்பதற்கு முன் பார்க்காமல் இருப்பார்களா. ஆனால் எங்கள் வீட்டில் வந்தவர்களுக்கு அந்தச் சிரமமே வைக்கவில்லை அப்பா. இருபது வருஷமாக ஒவ்வொரு பத்திரத்திலும் இன்னார் மனைவி, இன்னார் மனைவி என்று அடிக்கும்போது அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அவளோடு நான் பேசாமல் இருந்தேன் என்று நினைத்துவிடக் கூடாது. நாங்கள் சிநேகிதிகள்தான். செவ்வாய்க்கிழமை மனநல டாக்டர் பார்க்கும் நாள், இரண்டு அண்ணன்களையும் ஒரே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போவோம். சாரல் காலத்தில் அதற்கு முன்னால் விடிந்தும் விடியாமலும் குற்றாலத்துக்குப் போய்விட்டு வருவோம். தலையில் அருவி விழுந்தால் சூடு இறங்கும், புத்தி தெளியும் என்று இரண்டு தெருவிலும் நம்பிக்கை. டாக்டரிடம் கேட்டதற்கு, தாராளமாகக் குளிக்கட்டும், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார்.

மெயின் அருவியில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. நாங்கள் இருவரும் ஈரக் கல்லில் தள்ளி நிற்போம். எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் வழக்கமாக இருப்பார், ஒரே குப்பியிலிருந்து இரண்டு தலைக்கும் ஊற்றித் தேய்ப்பார். பிறகு அண்ணன்கள் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு தண்ணீருக்குள் போவார்கள். காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர் விசில் அடித்து மற்றவர்களை நகர்த்துவார், இவர்களை மட்டும் கொஞ்ச நேரம் விட்டுவிடுவார். என் அண்ணன் வாய்விட்டுச் சிரிப்பான். வீட்டில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் கையை அவன் பிடித்தும் எத்தனையோ வருஷம் ஆகிறது. அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது, அவளுடைய காக்கா, அந்த அப்பாவி மனுஷர் மேலேயே வந்தது.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். மனச்சிதைவு உள்ளவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் ரத்தம் எடுத்து, மரபணுவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்களாம். சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி எங்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து விளக்கினாள். நான்தான் முந்திக்கொண்டு, எங்களுக்கு இது பரம்பரை என்று சொன்னேன். அப்பாவின் களை என் முகத்திலும் வந்திருக்கும்.

டாக்டரம்மா சொன்னதை நான் புரிந்துகொண்ட மட்டும் சொல்கிறேன். இது ஒரே ஒரு மரபணுவால் வருவதில்லை. எத்தனையோ இடங்களில் உள்ள சின்னச் சின்ன வித்தியாசங்கள், ஒவ்வொன்றும் வியாதிப் பக்கம் ஒரு கடுகளவு தள்ளிவிடும். அந்தக் கடுகு கொஞ்சமாவது இல்லாத மனுஷரே கிடையாது. சிலரிடம் அதிகமாகச் சேர்ந்துவிடுகிறது, அதோடு வாழ்க்கையில் பட்டதும் சேர்ந்துகொள்கிறது. இதுவரைக்கும் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் ரத்தத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். பிறகு சீனாப் பக்கம், ஆப்பிரிக்கா என்று மற்ற தேசத்து ஜனங்களையும் பார்க்கும்போது, பெரும்பகுதி எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கிறதாம். ஆனால் நம் பக்கத்து ரத்தம் போதுமான அளவு பார்க்கப்படாததால், நமக்கென்று சரியாகக் கணிக்க முடியவில்லை. அதற்குத்தான் வந்திருக்கிறோம் என்றாள்.

"அப்போ எங்க குடும்பத்துக்குன்னு தனியா ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன்.

"நெருங்கின சொந்தத்துல கொஞ்சம் கூடுதலா வரும்மா. ஆனா உங்களுது மட்டும்னு எதுவும் இல்ல. இந்த பெஞ்சுல இருக்கிற எல்லார்கிட்டயும் இருக்கிறதுதான், உலகம் பூராவும் இருக்கிறதுதான்" என்றாள்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பரம்பரைச் சொத்து என்று இத்தனை வருஷம் தலையில் சுமந்ததில் உலகத்துக்கே பங்கு இருக்கிறதாம். ஆனால் அடுத்த நிமிஷமே மனதுக்குள் ஒரு சந்தோஷம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன். ஜின் போயிற்று. அருவிக்கரையும் உச்சிவெயிலும் போயிற்று. உன் வீட்டிலும் ரத்தம்தான் அடி பெண்ணே, என் வீட்டில் உள்ள அதே ரத்தம். இருபத்தைந்து வருஷமாக நீ ஒளித்து வைத்திருந்ததை ஒரு சின்னப்பெண் ஊசியோடு வந்து சொல்லிவிட்டாள்.

அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவள் நிதானமாகத் தன் மகளைப் பற்றிக் கேட்டாள். மாமாவுக்கு இருப்பதால் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல்தான், ஆனால் வராமல் இருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம் என்று டாக்டரம்மா சொன்னாள். அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தருவீர்களா என்று கேட்டு வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

இந்த வருஷம் அவள் மகள் படிப்பை முடித்ததும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். செங்கோட்டைப் பக்கத்து வீடு, பையன் சார்ஜாவில் வேலை என்று பேச்சு அடிபட்டது. எனக்குச் சுவர் வழியாகத்தான் தெரியும், அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். பெண்கள்தான் வருவார்கள், ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வராமல் இருக்க மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அவள் வந்து, "அக்கா, கேட்டா ஒண்ணும் சொல்லிராதீங்க" என்று கெஞ்சுவாள் என்று காத்திருந்தேன். நான் சொல்லப்போகும் பதிலைக்கூட ஆபீசில் டைப் அடித்துக்கொண்டே தயார் செய்து வைத்திருந்தேன். போனால் போகிறது என்று பெரிய மனது பண்ணுவதாக இருந்தேன். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. சுவருக்கு மேல் வட்டிலப்பம் கொடுத்தாள், கறிவேப்பிலை கேட்டாள், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. என் தயவே அவளுக்குத் தேவைப்படவில்லை. கெஞ்சியிருந்தால் நான் நிச்சயமாக வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி இருக்கும். வாசலில் பெண் குரல் கேட்டது. நான் பின்கட்டுக்குப் போய் அண்ணனை அறையில் இருக்கச் சொல்லிவிட்டு வந்து கதவைத் திறந்தேன். இரண்டு பேர். ஒருவர் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா, கூட இளையவள் ஒருத்தி.

"இங்கன மாடி வாடகைக்கு இருக்குன்னு சொன்னாவ" என்றார் அந்த அம்மா.

எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தண்ணீர் வருகிறதா, மழை எப்படி என்று பேசினார்கள். பிறகு அடுத்த வீட்டுப் பெண் நல்ல பெண்ணா என்று கேட்டார்கள். தங்கமான பெண் என்றேன். அது உண்மைதான், நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அதைச் சொல்லும்போதே நாக்கு அடுத்ததற்குத் துடித்துக்கொண்டிருந்தது. அவள் மகளுக்கு ஏழு வீடு வேண்டாம், ஒரே ஒரு வீடு போகட்டும் என்று தோன்றியது. ஒரு தடவை அவளும் கடிதத்துக்குக் காத்திருந்து பார்க்கட்டும்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். அந்தச் சத்தம் அப்பாவுடையது மாதிரியே இருந்தது.

"ஒரு விஷயம் சொல்லிப்புடுதேன். பொண்ணோட மாமாவுக்கு மனநோய். ஜின்னுன்னு சொல்லுவாவ, ஜின்னு இல்ல. பரம்பரையா வாரது. எங்க அண்ணனுக்கும் அதேதான், டாக்டரே சொல்லியிருக்காவ" என்றேன்.

அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி எதுவும் தெரியவில்லை.

"தெரியும்மா. பொண்ணோட உம்மா மொத நாளே சொல்லிட்டா. டாக்டர் எழுதின சீட்டையும் காட்டுனா. எங்க வீட்டுலயும் அப்பிடி ஒருத்தி இருக்கா, மாப்பிள்ளையோட லாத்தா, கூடப்பொறந்த அக்கா. அந்தப் புள்ளையும் எங்க கூடத்தான் இருக்கும்" என்றார். பிறகு என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "நாங்க விசாரிக்க வந்தது வேற. அந்த மாமாவை வீட்டுல எப்பிடி வச்சிருக்காவ? வாரவ போறவ முன்னாடி உக்கார வைப்பாவளா? அப்பிடி ஒரு வீட்டுல வளந்த புள்ளைன்னாத்தான், எங்க புள்ளையையும் நாளைக்கு நல்லாப் பாக்கும்."

எனக்குப் பதில் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இருபத்தைந்து வருஷமாகப் பார்த்த பதில். அவர் இன்றைக்கும் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைலி மடிக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் கூடத்தில்தான் இருப்பார். பெருநாளன்று பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள், சகன் என்பார்கள் அதை. இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளிவிடுவாள் அந்தப் பெண். என் அண்ணனுக்குத் தனித் தட்டு, விளிம்பு நசுங்கியது. கொல்லைப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அவனே கழுவி வைத்துவிடுவான்.

"ஒரே சகன்லதான் சாப்புடுதாரு" என்று சொன்னேன்.

அப்போது பின்கட்டிலிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பலமாக இல்லை, விரல் கணுவால் இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு. அந்த அம்மா சத்தம் வந்த பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். போயிட்டு வாரோம் என்று எழுந்துகொண்டார். வாசலைத் தாண்டும்போது இளையவள் மட்டும் ஒருமுறை திரும்பி எங்கள் வீட்டுக்குள் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என்னைப் பார்க்க வந்த ஏழு வீட்டில், மூன்றாவது வீடு. பச்சைப் பட்டு கட்டிய ஒரு அம்மா. அப்பா பரம்பரை வியாதி என்று சொன்ன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு கரண்டி கேசரி வாங்கிச் சாப்பிட்டார். என் தலையில் பூ சரியாக இல்லை என்று அவரே எடுத்து வைத்தார். பிறகு, பையனை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா வழக்கமாகச் சொல்லும் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார். நான் காதை மூடிக்கொண்டேன் என்று சொன்னேன் அல்லவா, மூடவில்லை. எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"பயப்படாதீங்க, வெளிய தாப்பா போட்டுத்தான் வச்சிருக்கோம்."

கை கழுவ வேண்டும் என்று பின்கட்டுக்குப் போனவர், திரும்பி வந்து என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். கடிதம் வரவில்லை. நான் அப்பாவின் முதல் வாக்கியத்தைத் திட்டிக்கொண்டே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

விசாரிக்க வந்தவர்கள் போனதும், புறவாசல் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரியின் தலை தெரிந்தது. யாருக்கா வந்தது என்று கேட்டாள். மாடி வாடகைக்குக் கேட்டு வந்தாவ என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அவள் கூடத்தில் காக்கா ஏதோ சத்தமாகச் சொல்ல, மகளும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இந்தத் தடவை எதற்காக எரிகிறது என்று எனக்குச் சரியாகத் தெரிந்தது.

பின்கட்டுக்குப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். அரை மணி நேரத்துக்கு முன்னால் நானே போட்டது. அண்ணன் சட்டைப் பொத்தானையெல்லாம் சரியாகப் போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு நின்றிருந்தான்.

"போயிட்டாவளா? ஏட்டி, அவுகளுக்கு ஒன்னப் புடிச்சிருக்கா?" என்று கேட்டான்.